தராசுக்குப் பிறகு ஒரு கை

எங்கள் வீட்டில் சமையல் செய்த அக்கா, வேலை முடிந்து கிளம்பும்போது இரண்டு முறை விடைபெறுவார். சமையலறை வாசலில் நின்று, "போயிட்டு வாரேன் டீச்சர்" என்பது முதலாவது. செருப்பை மாட்டி, கேட்டைத் திறந்து, தெருவில் ஒரு காலை வைத்தபின் திரும்பிப் பார்த்து, "அப்ப வரட்டா" என்பது இரண்டாவது. முதலில் சொன்னது என் காதில் விழவில்லை என்று நினைக்கிறார் போல என்று, ஆரம்பத்தில் நான் உரக்கப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் புரிந்தது. எதையும் ஒரே தடவையில் முடித்துவிடுவது அவருக்கு ஆகாது. எங்களோடு இருந்த பதினான்கு வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அவர் ஒரு முறை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த நாளைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எடுத்த எடுப்பில் அங்கே போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை.

நான் பள்ளத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடு காரைக்குடியில். கணவருக்குத் திருச்சியில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். மகள் ஜெனிக்கு ஒரு வயதானபோது நான் மறுபடி வேலைக்குப் போகவேண்டியிருந்தது. சமைக்க ஆள் தேடினேன். கோயிலில் பழக்கமான ஒருவர் சொல்லி, அமராவதிபுதூரிலிருந்து வந்தவர் இவர். ஞாயிறும் தவறாமல் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். நான் அக்கா என்பேன், ஜெனி பெரியம்மா என்பாள். ஒல்லியான உடம்பு. சிவப்புக்கல் மூக்குத்தி. கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் நாலைந்து ஊக்கு. கையில் எப்போதும் ஒரு மஞ்சள் பை இருக்கும். அதற்குள் அவருடைய சொந்தக் கரித்துணி. எங்கள் வீட்டுத் துணியால் சூடான பாத்திரத்தைத் தொடவே மாட்டார். "இது வழுக்குது டீச்சர். என் துணிக்குத்தான் என் கையைத் தெரியும்" என்பார்.

"மேல ஒண்ணு." இதுதான் அவர் வாயில் அடிக்கடி வருகிற வார்த்தை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் தண்ணீர் கேட்டால் ஒரு சொம்பு கொடுப்பார். அவர் குடித்து முடித்து, வாயைத் துடைத்து, போதும் என்று சொம்பை நீட்டினால், அந்தச் சொம்பிலேயே இரண்டு மடக்கு ஊற்றி, "மேல ஒண்ணு குடிச்சிட்டுப் போங்க" என்பார். அந்த மனிதர் வயிற்றைத் தடவிக்கொண்டே குடிப்பார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துத் தோற்றவர்களில் அவரும் ஒருவர்.

சந்தைக்கு அவரோடு போவது எனக்குக் கூச்சமான காரியம். கொத்தமல்லிக் கட்டை வாங்கிப் பையில் போட்டபிறகும் நகரமாட்டார். விற்கிறவள் என்ன என்று பார்ப்பாள். "மேல ஒண்ணு போடு தாயி." அவள் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு காம்பைக் கிள்ளிப் போடுவாள். அதன்பிறகுதான் நகர்வார். இரண்டு காம்பு மல்லிக்கு இத்தனை பாடா என்று ஒரு நாள் கேட்டேன். அவர் என்னை ஏதோ விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "மல்லிக்கா நிக்கிறேன்? அளந்ததோட விட்டா அது யாவாரம் டீச்சர். கொசுறு போட்டாத்தான் நாளைக்கும் அவ மூஞ்சியில முழிக்கலாம்." அடுத்த வாரம் அதே கொத்தமல்லிக்காரிக்கு ஒரு பொட்டலத்தில் அதிரசம் கொண்டுபோய்க் கொடுத்ததையும் பார்த்தேன். இரண்டு கொடுத்தார். அவள் வாங்கியதும், பைக்குள் கைவிட்டு மூன்றாவதையும் எடுத்தார்.

இதையெல்லாம் நான் ஒரு வேடிக்கையாகத்தான் வைத்திருந்தேன். ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஜெனிக்கு ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. திடீரென்று இளைத்தாள், குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். மதுரைக்குக் கொண்டுபோனோம். உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது, இனி ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் ஊசி, அது வாழ்நாள் முழுக்க என்றார்கள். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். தட்டில் எவ்வளவு சோறு விழுகிறதோ அதற்குத் தக்க மருந்து. சோறு கூடினால் சர்க்கரை ஏறும், மருந்து கூடினால் இறங்கும். ஏறுவது மெல்ல மெல்லக் கெடுதல் செய்யும். இறங்குவது அன்றைக்கே ஆளை வீழ்த்திவிடும். "கண்ணளவு, கரண்டியளவு எல்லாம் வேண்டாம்மா. நல்ல தராசு ஒண்ணு வாங்குங்க. சமையல் பண்றவங்க யாரோ அவங்களே பழகட்டும்."

அதனால் தராசு வாங்க அக்காவையும் அழைத்துக்கொண்டு செக்காலை ரோட்டில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். அவர் மஞ்சள் பைக்குள் ஜெனி சாப்பிடும் எவர்சில்வர் தட்டையும் ஒரு டம்ளரையும் எடுத்து வந்திருந்தார். கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் எண் ஒளிரும் நாலு தராசுகளை வரிசையாக வைத்தார். எனக்கு முதலாவதே பிடித்துவிட்டது. மெல்லிசாக, கறுப்புக் கண்ணாடியில், பார்க்க அழகாக இருந்தது. அக்கா தட்டை எடுத்து அதன்மேல் வைத்தார். தட்டு எண்ணை முழுசாக மறைத்துவிட்டது.

"தட்டு வச்சா நம்பரு தெரியலையே தம்பி. குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தா சோறு ஆறிப்போகும்."

இரண்டாவதில் டம்ளரை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். மூன்று தடவைக்கும் மூன்று எண் காட்டியது. "ஒரே டம்ளருக்கு மூணு பேச்சுப் பேசுது. வேணாம்." மூன்றாவதில் தட்டை வைத்துவிட்டு, கடையின் மறுகோடிவரை நடந்து, ஏதோ பாத்திரத்தை எடுப்பதுபோலப் பாவனை செய்து திரும்பி வந்தார். எண் அணைந்துபோயிருந்தது. "நான் குழம்புச் சட்டிய எடுத்துட்டு வாரதுக்குள்ள இது தூங்கிருச்சு பாருங்க." கடைக்காரருக்கு முகம் சுருங்கியது. நாலாவது ஒன்றும் அழகில்லை. சாம்பல் நிறம், பருத்த உடம்பு, எண் தெரிகிற இடம் மட்டும் முன்னால் சரிவாக நீட்டிக்கொண்டிருந்தது. தட்டை வைத்தார், எண் தெரிந்தது. டம்ளரைத் தட்டின் நடுவில் வைத்தார், நாலு ஓரத்திலும் நகர்த்தி வைத்தார். ஒரே எண். தட்டின் எடையைக் கழித்துப் பூஜ்யமாக்கும் பொத்தானை அவரே கண்டுபிடித்து அழுத்தினார்.

பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பஸ்ஸில் கொறிக்க வாங்கிய பொட்டுக்கடலை. ஒவ்வொன்றாகத் தட்டில் போட்டார். ஒன்று, இரண்டு, பத்து, பதினைந்து. எண் பூஜ்யத்திலிருந்து அசையவே இல்லை. ஒரு சிட்டிகையை அள்ளி மொத்தமாகப் போட்டதும்தான் நாலு என்று காட்டியது.

"ஒண்ணொண்ணாப் போட்டா இதுக்குத் தெரியல டீச்சர்."

"ரொம்ப மெதுவாப் போட்டா எடுக்காதுக்கா. எல்லாக் கம்பெனியிலயும் அப்படித்தான்" என்றார் கடைக்காரர்.

அக்கா சிரித்தார். "பரவால்ல. மனுசனும் அப்புடித்தானே. இதையே குடுங்க தம்பி."

அந்தத் தராசு எங்கள் சமையலறை மேடையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் இடம்பிடித்தது. அதன் அருகில் நூல் கட்டித் தொங்கவிட்ட பேனாவோடு ஒரு நீள நோட்டு. காலைப் பலகாரம், பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டு டப்பா இரண்டையும் அக்கா நிறுப்பார். இரவுச் சாப்பாட்டை நான் நிறுப்பேன். அவர் நிறுப்பதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. பொங்கல் நூற்றைம்பது கிராம் என்றால் நூற்றைம்பதுதான். ஒன்று கூடினால் கரண்டி நுனியால் கிள்ளி எடுப்பார். மூச்சைப் பிடித்துக்கொண்டு எண் நிற்கும்வரை பார்ப்பார். "நூத்தம்பது டீச்சர். எழுதிக்கங்க!" நான் எழுதிவிட்டு, உள்ளே போய் இன்சுலின் பேனாவில் அளவைத் திருகி, ஜெனிக்குப் போட்டுவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். அவள் தட்டில் கை வைப்பதை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

இரவில் நான் நிறுத்து வைக்கும்போது ஒரு தடவை ஜெனி தட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். "அவ்வளவுதானாம்மா?" என்றாள். "அவ்வளவுதான், கணக்கு அதுதான்" என்றேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். கணக்கு டீச்சரின் மகளுக்கு அதற்குமேல் ஒரு பதிலும் தேவையில்லை என்று நினைத்தேன்.

காலையிலும் மதியமும் அவளுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தது. இரவில் சரியாக இருந்தது. நோட்டை டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் வரிவரியாகப் பார்த்தார். "இவ்வளவு ஒழுங்கா நிறுத்து எழுதுறவங்கள நான் பார்த்ததே இல்ல. அப்ப மருந்துதான் பத்தலை. வளர்ற பிள்ளைகளுக்குக் காலையில இப்படி ஏறும்" என்று மருந்தின் அளவைக் கூட்டினார். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். ஒழுங்கு என்று அவர் சொன்னதை அக்காவிடம் வந்து சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொரு நாளும் கேட்பார், "பாப்பாவுக்கு நேத்து எவ்வளவு டீச்சர்?" கூடியிருந்தால் அவர் முகம் வாடிவிடும். தராசைத் துடைத்துத் துடைத்து வைப்பார், அதில் ஏதோ குறை இருப்பதுபோல.

இனி அந்த நாள்.

அக்காவின் தங்கை மகளுக்கு இளையாத்தங்குடிப் பக்கம் வளைகாப்பு. ஒரே ஒரு நாள் லீவு கேட்டார். முதல்நாள் கிளம்பும்போது வழக்கம்போல இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் போனார். மறுநாள் காலையில் நானே பொங்கல் வைத்தேன். நூற்றைம்பது கிராம் நிறுத்தேன். டாக்டரம்மா எழுதிக்கொடுத்த அளவு மருந்தைப் போட்டேன். ஜெனி சாப்பிட்டு முடித்துத் தட்டைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வந்தாள். "பஸ் போயிரும், கிளம்பு" என்றேன்.

பத்தரை மணிக்கு ஆசிரியர் அறையில் இருந்தபோது என் போன் அடித்தது. ஜெனியின் வகுப்பு டீச்சர். முதல் பீரியட் விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை, ஓடிவிட்டு வந்து உட்கார்ந்தவள் அப்படியே பெஞ்சில் சாய்ந்துவிட்டாள், கை கால் வெட்டி இழுக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறோம் என்றார். பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி ஒன்றும் தூரமில்லை. சக ஆசிரியர் ஒருவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போன அந்த வழியில் எனக்குச் செபமாலையின் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. நூற்றைம்பது, நூற்றைம்பது என்றுதான் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஜெனி கண்ணைத் திறக்க நெடுநேரம் ஆனதுபோல இருந்தது. திறந்தவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். உயிர் வந்தது எனக்கு. கொஞ்சம் கழித்து, உலர்ந்த உதட்டோடு அவள் சொன்னாள்:

"நீ இன்னைக்குப் பெரியம்மா மாதிரி வைக்கலைம்மா."

"என்ன மாதிரி?"

"பெரியம்மா தட்டைத் தராசுல இருந்து இறக்கிட்டு, மேல ஒரு கை வைப்பாங்கல்ல. நீ வைக்கவே இல்ல."

சர்க்கரை ஏன் ஏறியது, மருந்து ஏன் கூடியது, அவள் ஏன் இப்படிக் கிடக்கிறாள், எல்லாம் எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. ஒவ்வொரு நாளும் தராசுக்குப் பிறகு ஒரு கை. நோட்டில் இல்லாத சோறு. அந்தச் சோற்றுக்கும் சேர்த்துத்தான் மருந்து கூடிக்கொண்டே போயிருக்கிறது. அந்த ஒரு கை இல்லாத ஒரு நாளில், கூட்டிய மருந்து என் மகளைக் கீழே தள்ளிவிட்டது.

அன்று இரவே ஜெனியை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். மறுநாள் காலையில் அக்கா வளைகாப்பு வீட்டு வளையலும் பலகாரப் பொட்டலமுமாக வந்தார். செய்தி கேட்டு அப்படியே சுவரோடு நின்றார். நான் கேட்ட கேள்வியை இப்போது எழுதவே கை கூசுகிறது.

"எம்புள்ளயக் கொல்லப் பாத்தீகளா?"

அவர் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"தராசுல வச்சதுக்கு மேல எதுக்கு வச்சீக? எத்தன தடவ சொன்னேன்! நோட்டுல எழுதுறது எதுக்குன்னு நினைச்சீக?"

"தராசுல சரியாத்தான் வச்சேன் டீச்சர்..."

"இறக்கிட்டு?"

"இறக்கிட்டு..." குரல் தேய்ந்தது. "அளந்தது அளந்ததுதான். மேல வைக்கிறது கணக்குல வருமுன்னு எனக்குத் தோணலையே. ஒரே தடவையாப் போட்டு நிறுத்துறது கருமாதிச் சோத்துக்குத்தான் டீச்சர். செத்தவுகளுக்குத்தான் ஒரு தடவ வைப்போம். இருக்கிறவுகளுக்கு மேல ஒரு கை வச்சே ஆகணும். நம்ம பாப்பாவே ஊசியும் மருந்துமாக் கிடக்கு. அதுக்குப் போயி ஒரே தடவையா எப்புடி நான் நிறுத்துவேன்?"

எங்கள் வீடுகளில் இந்த வழக்கம் கிடையாது. அதனால் எட்டு வருடத்துக்கு மேல் அவரோடு கழித்தும், அந்த 'மேல ஒண்ணு' எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்டும் என் மனசு இளகவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் மூடிக் கிடந்த பிள்ளைதான் கண்ணுக்குள் நின்றாள். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் அழவில்லை. தொட்டியில் கிடந்த பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்தார். தராசைத் துடைத்தார். தன் கரித்துணியை மஞ்சள் பைக்குள் வைத்தார். சமையலறை வாசலில் நின்று, "போயிட்டு வாரேன் டீச்சர்" என்றார். செருப்பை மாட்டினார், கேட்டைத் திறந்தார், தெருவில் இறங்கினார். நான் என்னை அறியாமல் காத்திருந்தேன். அவர் திரும்பவில்லை.

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பழைய நோட்டை வாங்கி, மூன்று மாதத்துப் பக்கங்களைப் புரட்டினார். நான் எதிர்பார்த்ததுபோல அவர் கோபப்படவில்லை.

"இங்க பாருங்க. ஏறினது எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரு நாள் கூடுதல், ஒரு நாள் குறைச்சல்னு இல்ல. அந்தம்மா கை ஒரே மாதிரி வச்சிருக்கு. அதனாலதான் நானும் மருந்து பத்தலைன்னு நினைச்சேன். கன்னாபின்னான்னு வச்சிருந்தா அப்பவே சந்தேகப்பட்டிருப்பேன்." நோட்டை மூடினார். "இது தெரிஞ்சிருந்தா அதையும் ஒரு பக்கமா எழுதியிருக்கலாம். அவ்வளவுதான் விஷயம்."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த 'அவ்வளவுதான்' என்னைக் குத்திக்கொண்டே வந்தது. எழுதியிருக்கலாம். எழுதுவதற்கு நான் ஒரு நாள் நின்று பார்த்திருக்க வேண்டும். பிள்ளைக்கு ஊசி போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடியவள் நான். தட்டருகே நின்றவர் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தராசைப் பையில் வைத்துக்கொண்டு அமராவதிபுதூருக்கு பஸ் ஏறினேன். அக்கா என்னைக் கண்டதும் பதறி எழுந்து, முதலில் கேட்டது, "பாப்பாவுக்கு என்ன டீச்சர்?" என்பதுதான். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள் என்று சொன்னபிறகுதான் உட்கார்ந்தார். அவர் மருமகள் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்து முடித்தேன். சொம்பை வாங்கி உள்ளே போனார் அக்கா. மேலே ஒரு மடக்கு ஊற்றவில்லை.

மருமகள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இப்பல்லாம் எங்களுக்கும் ஒரே தடவதாங்க வைக்கிறாக. இவுக மகன் கேட்டதுக்கு, என் கைக்கு விவரம் பத்தாதுப்பான்னுட்டாக. அங்குட்டு வச்சிட்டு நகந்துபோயிர்றாக. எங்களுக்குத்தான் சாப்பிடவே ஒரு மாதிரியா இருக்கு."

எனக்குத் தாங்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டேன். தரையில் தராசை வைத்து, ஒரு தட்டை வைத்துப் பூஜ்யமாக்கி, வடித்த சோற்றுப் பானையைக் கொண்டுவரச் சொன்னேன். "ஜெனிக்கு வைக்கிற மாதிரி ஒரு கை வைங்க."

"வேணாம் டீச்சர். என் கைய நினைச்சா எனக்கே பயமா இருக்கு."

"வைங்கக்கா."

வைத்தார். நாற்பத்திரண்டு கிராம். எடுத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னேன். நாற்பத்திரண்டு. மறுபடி. நாற்பத்து மூன்று. பத்து தடவை வைத்தார். நாற்பத்தொன்றுக்குக் கீழே ஒன்று இல்லை, நாற்பத்து மூன்றுக்கு மேலே ஒன்று இல்லை. பிறகு நான் வைத்துப் பார்த்தேன். முப்பது. ஐம்பத்தொன்று. முப்பத்தெட்டு. மருமகள் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அக்காவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"நீங்க என்னய ஏசுனதுல தப்பே இல்ல. பெத்தவுக நீங்க" என்றார். அப்போதுதான் அவருக்குக் கண் கலங்கியது.

"இனிமே அந்த ஒரு கையயும் தராசுலயே வச்சிருங்க. சேத்து எழுதிக்கிறேன்."

அவர் தட்டைத் தராசிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். "அங்கயே வச்சா அது ஒரே தடவதானே டீச்சர். தட்டை இறக்கிட்டுத்தான் வைக்கணும்."

அங்கே தரையில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். கணக்குப்படி வரவேண்டிய எடையில் நாற்பத்திரண்டைக் குறைத்துத் தராசில் வைப்பது. தட்டை இறக்குவது. பிறகு அவர் கை. இட்லி நாளிலும் அப்படித்தான், பிட்டு வைக்கிற பாதி இட்லியையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டோம். நோட்டில் புதிதாக ஒரு கோடு போட்டு, 'தராசு' என்று ஒரு பக்கமும் 'அக்கா' என்று இன்னொரு பக்கமும் எழுதினேன். தராசுப் பக்கத்தில் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். அக்கா பக்கத்தில் சோற்றுக்கு எப்போதும் நாற்பத்திரண்டு. டாக்டரம்மா மருந்தை ஏற்கெனவே குறைத்திருந்தார். அதற்குப்பிறகு ஒரு நாளும் அவள் அப்படி விழவில்லை.

மாதம் ஒருமுறை அவரே கேட்டுத் தன் கையைத் தராசில் சோதித்துக்கொள்வார். "வயசாகுது, கை மாறிரும்ல" என்பார். மாறவில்லை. ஜெனிக்குப் பதினைந்து வயதானபோது அக்காவுக்கு முழங்கால் விட்டுப்போனது, பஸ் ஏற முடியவில்லை. கடைசி நாளன்று கேட்டிலிருந்து திரும்பிப் பார்த்து, "அப்ப வரட்டா" என்றார். அதன்பிறகு ஜெனியே நிறுத்துக்கொண்டாள். தட்டை இறக்கி, பிறகு தன் கையால் ஒரு கை வைத்துக்கொள்வாள். தராசில் பழகிப் பழகி அவள் கையும் நாற்பத்திரண்டுக்கு வந்திருந்தது. இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறாள். ஹாஸ்டலுக்கு அந்தச் சாம்பல் நிறத் தராசைத்தான் எடுத்துப்போயிருக்கிறாள். புதிது வாங்கித் தருகிறேன் என்றேன், கேட்கவில்லை.

போன ஐப்பசியில் அக்கா இறந்துபோனார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று மருமகள் போனில் சொன்னாள். ஜெனிக்குப் பரீட்சை, அவரை எடுத்த அன்று வர முடியவில்லை. பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்துவிட்டாள். இருவரும் அமராவதிபுதூருக்குப் போனோம். நடுவீட்டில் அவருடைய படம், முன்னால் தலைவாழை இலை. மகன் வைத்தபிறகு, வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சோற்றுச் சட்டியிலிருந்து ஒரு கை எடுத்து இலையில் வைத்தார்கள். பங்காளி முறையில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி வைப்பது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகள் எங்களைப் பார்த்து, "நீங்களும் வைங்க டீச்சர். பாப்பா, நீயும் வை. உன்னயத்தான் கடைசிவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாக" என்றாள்.

நான் வைத்தேன். பிறகு ஜெனி மண்டியிட்டு ஒரு கை எடுத்து வைத்தாள். எழுந்திருக்கவில்லை. அவள் கை மறுபடியும் சட்டிக்குள் போனது.

"ஒரு தடவதான் பாப்பா" என்றார் பெரியவர், கோபமில்லாமல். "இதுக்கு ரெண்டாவது வைக்கப்படாது."

கை நிறையச் சோற்றோடு அவள் அப்படியே இருந்தாள். இலையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். பெரியவர் அடுத்தவருக்கு வழிவிடச் சொல்லிக் கையைக் காட்டினார். ஜெனி அந்தச் சோற்றைச் சட்டியில் திரும்பப் போடவில்லை. அங்கேயே, எல்லாருக்கும் முன்னால், வாயில் போட்டு மென்றாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மருமகள் அவர் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டாள்.

ஜெனி மென்று விழுங்கிவிட்டு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாப்பத்திரெண்டும்மா" என்று சொல்லி, பையைத் திறந்து இன்சுலின் பேனாவை எடுத்தாள்.